போன வருசம் சாது

இடது கன்னத்தில் ஒரு கீறல்கூட இல்லை, ஆனால் முடியும் போகவில்லை. வலது கன்னத்தில் முடி போய்விட்டது, கூடவே கொஞ்சம் தோலும் போயிருந்தது.

பொன்லிங்கம் கண்ணாடி முன் நின்று தன் முகத்துக்கு மதிப்பெண் போட்டான். இடது பக்கம் மென்மைக்குப் பத்து, வேலைத் திறனுக்கு நாலு. வலது பக்கம் வேலைத் திறனுக்குப் பத்து. மென்மைக்குப் போட மனம் வரவில்லை.

தூத்துக்குடியில் ஓர் உரக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு வேலை. எதையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் அவனால் இருக்க முடியாது. அவனிடம் இருந்த பழைய சேஃப்டி ரேஸர் யாரையும் காயப்படுத்தாது, யாருக்கும் ஷேவும் செய்யாது. அதற்கு 'சாது' என்று பெயர் வைத்திருந்தான். நேற்று பார்சலில் வந்த புதியது முரடன். இரண்டையும் ஒரே நாளில் ஒரே முகத்தில் போட்டுப் பார்ப்பதுதான் முறை. அந்த நாள் பெண் பார்க்கப் போகும் நாளாக இருக்க வேண்டாம் என்று மட்டும் அவன் மூளைக்குத் தோன்றவில்லை.

கூட வேலை பார்க்கும் கிங்ஸ்டனுக்கு போன் போட்டான்.

"ஏலே, இன்னைக்காலே உனக்கு ஆராய்ச்சி? சாத்தான்குளத்துப் பிள்ளை உன்னை ஏன் வேண்டாம்னுச்சு, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. 'மாப்பிள்ளை ரொம்ப பிளேடு போடுதாரு' என்று சொல்லி அனுப்பியிருந்தாள். ஊரில் அறுவைப் பேர்வழிகளைச் சொல்கிற வார்த்தைதான். ஆனால் அன்று பொன்லிங்கம் நிஜமாகவே பிளேடைப் பற்றித்தான் ஒரு மணி நேரம் பேசியிருந்தான்.

"அங்கன போயி ரேஸர், பிளேடுங்கிற பேச்சே எடுக்கக் கூடாது. சத்தியம் பண்ணு" என்றான் கிங்ஸ்டன்.

"சத்தியமால."

பெரியவர்கள் எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள், இன்று அவன் மட்டும் போய் வந்தால் போதும். பெண் ஜெயக்கனி மட்டும், "ஆளை நேர்ல பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றிருந்தாள். இதுவும் தட்டிப்போனால் இனிமேல் ஜாதகத்தையே தூக்க மாட்டேன் என்று எட்டயபுரத்திலிருந்து அம்மா சொல்லியாயிற்று. அம்மாவை விடுங்கள். போட்டோவில் பார்த்த அந்தப் பெண்ணை அவனுக்கு நிஜமாகவே பிடித்திருந்தது.

இரண்டு கன்னமும் ஒன்றுபோல இருக்கட்டும் என்று இடது பக்கமும் முரடனைப் போட்டான். ஒன்றுபோல ஆனது. இப்போது இரண்டு பக்கமும் ரத்தம். பதற்றத்தில் மீசையின் ஓரம் ஒரு பக்கம் குறைந்தது. மறுபக்கத்தைச் சரிக்கட்டினான். அது கூடுதலாகக் குறைந்தது. சரிக்கட்டிக்கொண்டே போனதில் கடைசியில் மீசை என்று சொல்ல அங்கே எதுவும் மிச்சமில்லை.

படிகாரத்தைத் தேய்த்தவன் போட்ட அலறலில் பக்கத்து வீட்டு வடிவம்மாள் ஓடிவந்தாள்.

"என்னய்யா இது, கோழி பிராண்டுன மாரி? மஞ்சளை அப்புங்க, நின்னுரும்."

மஞ்சளை அப்பினான். முகம் மஞ்சளானது. அதை மறைக்கப் பவுடர் போட்டான். பவுடரைத் தாண்டி ரத்தம் எட்டிப் பார்த்தது. வெள்ளைச் சட்டையிலும் சொட்டிவிட்டது. ரத்தம் பட்டால் தெரியாத சட்டை ஒன்றுதான் இருந்தது, சிவப்பு. அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தான். 'படிச்ச கழுதை' என்று தன்னையே திட்டிவிட்டுக் கிளம்பினான்.

ஜெயக்கனியின் வீடு குலசேகரன்பட்டினத்தில். தசரா நேரம். முத்தாரம்மனுக்கு நேர்ந்து, விரதமிருந்து வேடம் கட்டியவர்கள் ஊர் ஊராகக் காணிக்கை வாங்கிக்கொண்டு திரியும் காலம். பஸ்ஸில் ஒரு குறத்திக்கும் கரடிக்கும் நடுவில் நின்றுகொண்டு போனான். ஒரு அம்மாள் பத்து ரூபாயை அவன் கையில் வைத்தாள். டிக்கெட்டுக்குத்தான் என்று அதைக் கண்டக்டரிடம் நீட்டினான். அந்த அம்மாளின் முகம் ஏன் அப்படிப் போனது என்று அவனுக்குப் புரியவில்லை.

வீட்டு வாசலில் ஜெயக்கனியின் அப்பா அவனைப் பார்த்ததும் திகைத்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

"வாங்க, வாங்க. இப்படியே வருவீங்கன்னு நெனைக்கவே இல்ல. எங்களுக்கு ரொம்பச் சந்தோசம்."

புதுப் பாயை விரித்து உட்கார வைத்தார்கள். அல்வாவும் மிக்சரும் வரும் என்று பார்த்தான். ஒரு இளநீர் மட்டும் வந்தது. சரி, இந்தச் சம்பந்தமும் போச்சு என்று நினைத்துக்கொண்டான்.

அப்பா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை வருசமா?"

ஷேவ் ஆராய்ச்சியைத்தான் கேட்கிறார். கிங்ஸ்டனுக்குச் செய்த சத்தியம் நினைவுக்கு வந்தது. அந்த வார்த்தையைச் சொல்லாமல் சமாளித்தான்.

"ஆறு வருசமாச்சு மாமா."

"கூட ஆள் வச்சுக்கிடுவீங்களா?"

"இல்ல. காலையில எந்திச்சு, கண்ணாடி முன்னால நின்னு எல்லாம் நானேதான்."

"வருசா வருசம் ஒண்ணுதானா?"

"மாத்திப் பாப்பேன். போன வருசம் சாது. இந்த வருசந்தான் முரடன்."

"அதான் ரத்தமெல்லாம் தத்ரூபமா இருக்கு."

"அது தானா வந்தது மாமா."

"மீசையும் எடுத்தாச்சு போல."

"எடுக்க வேண்டியதாப் போச்சு."

அவர் தலையை ஆட்டினார். கதவோரம் நின்ற ஜெயக்கனி முதல் தடவையாகப் பேசினாள்.

"வலிக்காதா உங்களுக்கு?"

"மொதல்ல எரியும். மனசை ஒரே இடத்துல நிறுத்திட்டா தெரியாது."

அவள் கண் கலங்கியது. இத்தனை வருடத்தில் அவன் ஷேவ் செய்கிற கதையைக் கொட்டாவி விடாமல் கேட்ட ஒரே பெண். இவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் இன்னொருத்தியைப் பார்க்கப் போவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தான்.

"சொல்லி அனுப்புதோம்" என்றார் அப்பா. வழக்கமாக எல்லா வீட்டிலும் சொல்வதுதான். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தான்.

"தம்பி, நில்லுங்க." ஜெயக்கனியின் சித்தி செல்லக்கிளி மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

பொன்லிங்கம் நின்றான். கன்னம் மறுபடி எரிந்தது.

"பிள்ளைக்குச் சம்மதம். பொண்ணு பாக்க வாரப்பகூட நேர்ச்சையை விடாம வேசத்தோட வந்த மாப்பிள்ளை வேற யாருக்குக் கெடைப்பான்னு கேக்கா. எங்களுக்குத்தான் ஒண்ணு பிடிபடல தம்பி, அது என்ன வேசம்?"