நம் தெருவைக் காணோம்

ஊர் சுற்றுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வீட்டை விட்டு நகராதவர்களையும் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் சேராத மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. ஊர் சுற்றுவதற்கான வழிகாட்டிப் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருக்கிற ரகம். இவர்களுக்கு வரைபடத்தார் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். புத்தகக் கடையில் ஒரே அலமாரிக்கு முன்னால், கடைக்காரரே பாவப்பட்டு ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போடும்வரை நின்றுகொண்டிருப்பார். விலையைக் கடைசியில்தான் கேட்பார். முதலில் கேட்பது, "உள்ள எத்தனை வரைபடம்?" கொடி பிடித்த ஒருவன் முன்னால் நடக்க, பின்னால் கும்பலாய்ப் போகிற சுற்றுலா அவருக்கு ஆகவே ஆகாது. தானாகப் போக வேண்டும், சிக்கனமாகப் போக வேண்டும், முக்கியமாக ஒருவரிடமும் வழி கேட்காமல் போக வேண்டும். வழி கேட்பது அவருக்குக் கைமாற்று கேட்பது மாதிரி. நாக்கு எழாது.

எனக்குத் தெரிந்த வரைபடத்தார் என் பெரியப்பா மகனுடைய இரண்டாவது மகளைக் கட்டியவர். முறைக்கு மருமகன். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை. பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி. அவரைக் குறை சொல்ல முடியாது, ரத்தத்தில் ஊறியது. அவருடைய அப்பா நல்ல குடையாகப் பார்த்து வாங்குவதற்குள் மூன்று மழைக்காலம் நனைந்தவர். அவருடைய பெரிய அத்தை, தன் மகனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்து, முதலில் பார்த்த பெண்ணுடைய குழந்தை பள்ளிக்கூடம் போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தவர். இவர் மட்டும் எப்படிக் கல்யாணம் செய்துகொண்டார் என்கிறீர்களா? எங்கள் வீட்டில் யோசிக்க நேரம் கொடுக்கவில்லை.

கல்யாணமான வருடத்திலிருந்து அவர் மனைவிக்கு ஒரே ஓர் ஆசை. கடல் பார்க்க வேண்டும். பஸ்ஸில் ஐந்து மணி நேரம், அவ்வளவுதான். பதினெட்டு வருடம் போய்விட்டது. மகள் அடுத்த மாதம் வெளியூர் விடுதிக்குப் படிக்கப் போகிறாள். இந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக் கடைக்குத் தரை மாற்றுகிறார்கள், எட்டு நாள் லீவு. மூன்று பேரும் சேர்ந்து கடல் பார்க்க இதை விட்டால் இனி எப்போதோ. வீட்டில் ஒரே குதியாட்டம்.

வரைபடத்தார் முதல் நாளே புத்தகக் கடைக்குப் போனார்.

அவரிடம் ஒரு சோதனை முறை உண்டு. கடற்கரை ஊர்ப் பக்கத்தைத் திருப்பவே மாட்டார். அங்கே போனதில்லையே, புத்தகம் சொல்வது நிஜமா பொய்யா என்று எப்படித் தெரியும்? ஆகவே தன் ஊர்ப் பக்கத்தைத் திருப்புவார், பூதக்கண்ணாடியை வைப்பார், தன் வீட்டைத் தேடுவார். என்ன நியாயம் பாருங்கள்!

"நம்ம தெருவையே காணோம். இவன் கடலை மட்டும் எப்படி ஒழுங்காப் போட்டிருப்பான்?" என்றார் வீட்டுக்கு வந்து.

"கடலை எப்படிங்க விட முடியும்? நம்ம தெரு மாதிரி சந்துக்குள்ளயா இருக்கு அது?" என்றாள் என் மகள் முறைக்காரி.

இரண்டாவது நாள் வேறு புத்தகம். அதில் தெரு இருந்தது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? மாட்டார். பஸ் ஸ்டாண்டிலிருந்து மார்க்கெட்டுக்கு நடந்தால் பன்னிரண்டு நிமிடம் என்று போட்டிருந்ததாம். வாட்சைப் பார்த்துக்கொண்டு நடந்தார். பதினான்கு ஆனது. பயணி மூட்டையோடு நடப்பானே என்று தோள்பையில் இரண்டு செங்கல்லைப் போட்டுக்கொண்டு மறுபடி நடந்தார். மூன்றாம் தடவை புத்தகம் காட்டிய குறுக்குவழியில் போய், ஒரு சுவருக்கு முன்னால் நின்றார். அங்கே துணி தேய்க்கிறவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"என்ன சார், சுவத்தையே பார்க்குறீங்க?"

"புத்தகத்துல இங்க சந்து இருக்குப்பா."

"சுவரு இருக்கிற புத்தகமாப் பார்த்து வாங்குங்க சார்."

இந்த யோசனை அவருக்கு நியாயமாகவே பட்டது. மூன்றாவது புத்தகத்தில் சுவர் இருந்தது.

நான்காம் நாள் காலை, "பெட்டியைக் கட்டுங்க" என்றார். தாயும் மகளும் ஏற்கெனவே கட்டித்தான் வைத்திருந்தார்கள். வழியனுப்ப நானும் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு நேராகப் போக வேண்டிய வண்டி இரண்டாவது தெருவிலேயே இடதுபுறம் திரும்பி ஒரு லாட்ஜ் வாசலில் நின்றது.

"இறங்குங்க. சிக்கனமான அறை, சுத்தமான படுக்கை, காலையில வெந்நீர்னு இந்த லாட்ஜைப் பத்திப் போட்டிருக்கான். ரெண்டு நாள் தங்கிப் பார்ப்போம். இது சரியா இருந்தா கடற்கரை லாட்ஜும் சரியா இருக்கும். அப்புறம் தைரியமாக் கிளம்பலாம்" என்றார்.

லாட்ஜ் குமாஸ்தா மூக்கில் இருந்த கண்ணாடியே இவர் செய்து கொடுத்ததுதான். அதைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, ஆட்டோவுக்குள் குனிந்து என் காதோரம் கேட்டார்: "ஐயா, வீட்டுக்காரன் காலி பண்ணச் சொல்லிட்டானா?"

என் மகள் முறைக்காரி ஆட்டோவை விட்டு இறங்கவே இல்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் புருஷனைப் பார்த்தாள். பதினெட்டு வருடத்துப் பார்வை அது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சித்தப்பா, கடலுக்கு அடுத்த பஸ் எப்போ?"

"ஒன்பதரைக்கு ஒண்ணு இருக்கும்மா."

"நீங்க இறங்கிக்கங்க. டிரைவரண்ணே, பஸ் ஸ்டாண்டுக்கு விடுங்க."

"புத்தகம் இல்லாம எப்படிப் போவீங்க?" என்று பதறினார் வரைபடத்தார்.

"கேட்டுக்கிட்டே போவோம்ப்பா. நீங்களும் வாங்க!" என்று மகள் நகர்ந்து இடம் விட்டாள்.

அவருக்கும் ஆசைதான். ஒரு காலை ஆட்டோவுக்குள் வைத்துவிட்டார், என் கண்ணால் பார்த்தேன். ஆனால் வெந்நீர் விஷயம் மறுநாள் காலையில்தானே தெரியும்? வைத்த காலை எடுத்துவிட்டார். ஆட்டோ போய்விட்டது.

எட்டாம் நாள் இருவரும் திரும்பினார்கள். முகம் கறுத்திருந்தது, குரல் கட்டியிருந்தது, செருப்பைத் தட்டினால் மணல் கொட்டியது. ஒரு மீன்காரம்மா வீட்டு மாடியில் தங்கினார்களாம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத மாடி. வரைபடத்தார் புத்தகத்தோடு தயாராக உட்கார்ந்திருந்தார். வெந்நீர் வந்ததாம், ஆனால் ஏழு மணிக்கு மேல்தானாம். அது கிடக்கட்டும் என்று மகளைக் கேட்டார்:

"பஸ் ஸ்டாண்ட்லேருந்து கடலுக்கு நடந்தா எத்தனை நிமிஷம்? ஒன்பதுன்னு போட்டிருக்கான்."

"தெரியலைப்பா. கடல் தெரிஞ்சதும் அம்மா ஓட ஆரம்பிச்சிட்டாங்க. நானும் ஓடினேன்."

அவர் மனைவியை ஒரு தரம் பார்த்தார். ஓடுகிற மனைவியை அவர் பார்த்ததே இல்லை. பிறகு பென்சிலை எடுத்து, புத்தகப் பக்கத்தின் ஓரத்தில் 'ஓடினால்?' என்று எழுதிக்கொண்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன், மனசைத் தொட்டுச் சொல்லுங்கள். இதைப் படித்து முடித்ததும் கடலுக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால் பிழைத்தீர்கள். அல்லது அந்த மூன்றாவது புத்தகத்தின் பெயர் என்ன, எந்தக் கடையில் கிடைக்கும் என்று தோன்றியதா? அப்படியானால் லாட்ஜில் அந்த அறை இப்போது காலியாகத்தான் இருக்கிறது. ஏழு மணிக்கு மேல் வெந்நீரும் வரும்.