ஸ்டெபி அதிகாரியை நிறுத்திய விவரம்

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி,
வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு

பெரியதாழையில் இருக்கும் அன்பு அக்கா மெட்டில்டாவுக்கும், மரியாதைக்குரிய மச்சானுக்கும், நம் தம்பி டெரன்சுக்கும் மனுவேல் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் வீட்டுக்காரி ஷெர்லி, மகள் ஸ்டெபி மூன்று பேரும் பனிமய மாதா புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். மனதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். அங்கே உன் முழங்கால் வலி, மச்சானின் சர்க்கரை, டெரன்சின் புதுக் கண்ணாடி எல்லாம் சொன்ன பேச்சு கேட்டு நடக்கும் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் உன்னிடம் நான் இதுவரை ஒரு வாக்கியத்தையும் முடித்ததில்லை அக்கா. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ ஜெயித்துவிட்டாய். ஸ்டெபியை இந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்து, நீ ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறபடி, பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் சேர்க்கப்போகிறேன். திங்கட்கிழமை டி.சி. வாங்க வேண்டும். தனியாகப் போனால் என் கால் பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிடும். நீ வந்து என்னைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

எப்படி இப்படி ஆயிற்று என்று கேட்டால், எல்லாம் என் தொழிலால் வந்த வினை. கப்பலில் சரக்கு ஏறும்போது தளத்தில் நின்று கிரேன்காரனுக்குக் கை காட்டுகிற சிக்னல்மேன் வேலையைத்தான் முப்பது வருஷமாகச் செய்கிறேன் என்று உனக்குத் தெரியும். வீட்டிலும் எங்களுக்கு அந்தக் கைதான் பாஷை. சோற்றுப் பானையை இறக்கு, கொடியில் காயும் துணியை எடு, மெல்ல நட, எல்லாம் துறைமுகச் சைகைதான். இதில் ஒரு சட்டம் உண்டு. தூக்கு, இறக்கு என்று காட்ட எனக்கு மட்டும்தான் அதிகாரம். ஆனால் ‘நிறுத்து’ என்று யார் வேண்டுமானாலும் காட்டலாம். தலைக்கு மேல் இரண்டு கைகளையும் பெருக்கல் குறி மாதிரி வைத்தால் போதும். காட்டியவன் சூப்பர்வைசரா, டீ கொண்டுவந்தவனா என்று பார்க்கக் கூடாது. நின்றது நின்றபடி எல்லோரும் நின்றுவிட வேண்டும். ஏன் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

ஜூன் மாதம் ஏழாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் பாலகணேஷ் சார் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டே பாடம் நடத்தியிருக்கிறார். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிற பிள்ளைக்கு அவர் முதுகு என்ன சொல்லும்? ஸ்டெபி கையைத் தூக்கிப் பெருக்கல் குறி போட்டுவிட்டாள். சார் பார்க்கவில்லை. ஆனால் அந்த வகுப்பில் பாதிப் பேர் துறைமுகக்காரர் பிள்ளைகள். ரத்தத்திலேயே ஊறிய சட்டம் அல்லவா, எழுதுகிறவன் பேனாவைத் தூக்கியபடி, கொட்டாவி விட்டவன் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார்கள். மற்ற பாதி ஏனென்று தெரியாமலே கூட நின்றது. வகுப்பு அமைதியாக இருப்பதைக் கேட்டுப் பயந்துபோய்த்தான் சார் திரும்பியிருக்கிறார். விஷயம் தெரிந்ததும் மறுபடி அவள் முகம் பார்த்துச் சொன்னார். அதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதம் எழுத வேண்டியிருக்காது. மறுநாள் பக்கத்து பெஞ்சு கிளைட்டன் கையைத் தூக்கினான். அவனுக்குக் காது நன்றாகவே கேட்கும், கணக்குத்தான் கேட்கவில்லை. அதற்கு மறுநாள் எட்டுப் பேர். ஒரு மாதம் கழித்துச் சார் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

“அண்ணாச்சி, ஒரு பின்னக் கணக்கு முடிய மூணு நாளாவுது. போர்டு பக்கம் திரும்புனா நிப்பாட்டுதாவ. வேகமாச் சொன்னா நிப்பாட்டுதாவ. பக்கத்து செக்‌ஷன் பிள்ளைய அளவியல் முடிச்சாச்சு. நான் இன்னும் பின்னத்துலயே கெடக்கேன்.”

நான் மன்னிப்புக் கேட்டேன். ஷெர்லி குசினியிலிருந்து காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் போன பிறகு எனக்குக் கோபம் வரவில்லை அக்கா, நம் டெரன்ஸ் ஞாபகம்தான் வந்தது. இதே பள்ளிக்கூடம், இதே ஓட்டுக் கட்டிடம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் அவனை மூன்றாம் வகுப்பில் ஜன்னலோரம் உட்காரவைத்தார்கள். வகுப்பு சிரித்தால் அவனும் சிரிப்பான், எழுந்தால் எழுவான். அவனுக்கு ஒன்றும் கேட்காது என்பது மதியமணி அடிக்கும்போது மட்டும்தான் வாத்தியாருக்கு நினைவு வரும். நீ எட்டாம் வகுப்பிலிருந்து ஒண்ணுக்குப் போக வேண்டும் என்று விரலைக் காட்டிவிட்டு ஓடிவருவாய். அன்றைய பாடத்தை அவன் சிலேட்டில் படமாக வரைந்துவிட்டுத் திரும்ப ஓடுவாய். ஒரு நாளைக்கு நான்கு தடவை. உன் டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு, பிள்ளைக்கு ஏதாவது வியாதியா என்று கேட்டார்கள். நீ வரைந்த தாமிரபரணியை அவன் பாம்பு என்று நினைத்துக்கொண்டு, அது எங்கே உற்பத்தியாகிறது என்ற கேள்விக்குப் ‘புற்றில்’ என்று எழுதிவைத்தான். நாம் மூன்று பேரும் கடற்கரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். அவனும் சிரித்தான், அன்றைக்கு விஷயம் தெரிந்தே சிரித்தான். அந்தச் சாயங்காலத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. மறு வருஷம் நீ பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனாய். அவன் பள்ளிக்கூடத்தை விட்டே போனான். அப்பா ஏன் என்று கேட்கவில்லை, பள்ளிக்கூடமும் தேடவில்லை.

அதனால்தான் நீ பாளையங்கோட்டை, பாளையங்கோட்டை என்று சொல்கிறாய். “ஏலே மனுவேலு, எல்லாரோடயும் உக்கார வச்சா ஆச்சா? உக்கார வச்சவனுக்கு யாருலே பாடஞ் சொல்லுவா?” என்று நீ ஒவ்வொரு தடவையும் கேட்டாய். ஆனாலும் பிடிவாதம் பிடித்தேன். கிரேன் கேபினில் எண்பதடி உயரத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கீழே நாம் கத்துவது ஒன்றும் கேட்காது. அவனை யாராவது தனித் துறைமுகத்துக்கு அனுப்பினார்களா? மொத்தத் துறைமுகமும் அவனுக்காகக் கையால் பேசக் கற்றுக்கொண்டது. இப்படியெல்லாம் உன்னிடம் வாய்கிழியப் பேசியவன்தான் நான்.

புதன்கிழமை எல்லாம் மண்ணாய்ப் போயிற்று. சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் சேர்ந்து படிப்பது பற்றித்தான் பேச்சு. மேடைக்குப் பின்னால் பெரிய பேனர். பெற்றோர் என்ற முறையில் எனக்கு முன்வரிசை நாற்காலி. அதிகாரி கையில் ஒரு பூங்கொத்தைக் கொடுத்தார்கள். அதை அவர் மைக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பேசினார். ஸ்டெபி உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் பூ மட்டும்தான் பேசுகிறது. கழுத்தை இந்தப் பக்கம் நீட்டினாள், அந்தப் பக்கம் நீட்டினாள். “ஒரு குழந்தையைக் கூட நாம் விட்டுவிட்டுப் போகக் கூடாது” என்று அவர் குரலை உயர்த்திய இடத்தில் எழுந்து நின்று கையைத் தூக்கிவிட்டாள்.

ஏழாம் வகுப்பு நின்றது. அதைப் பார்த்து ஆறு நின்றது, எட்டு நின்றது. பேண்டு வாத்தியக்காரப் பையன் கன்னத்தை உப்பியபடி நின்றான். இதுவும் போகட்டும், மேடையில் தாளாளர் சாமியாருக்கு ஜெமிமா என்ற பிள்ளை கெட்டிலிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். நின்றது நின்றபடி என்பதுதானே சட்டம்? கெட்டிலைச் சாய்த்தபடியே நின்றுவிட்டாள். டீ டம்ளரை நிறைத்தது, தட்டை நிறைத்தது, மேசைவிரிப்பில் ஓடி சாமியாரின் வெள்ளை அங்கியில் இறங்கியது. சாமியாராவது எழுந்திருக்கலாம். அவருடைய அப்பாவும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், அதனால் அவரும் அசையவில்லை. நல்ல வேளை, ஆறின டீ. அதிகாரி மட்டும்தான் அசைந்தார். “என்ன நடக்கிறது இங்கே?” என்றார். வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. நானும் எழுந்திருக்கவில்லை என்பதை உன்னிடம் மறைக்க வேண்டியதில்லை. பழக்கதோஷம்.

அவர் பேச்சை முடிக்காமலே காரில் ஏறிப் போய்விட்டார். மறுநாள் தலைமையாசிரியை ஞானபாய் டீச்சர் என்னைக் கூப்பிட்டார்கள். நல்ல மனுஷிதான், திட்டவில்லை. “அண்ணாச்சி, பிள்ளை மேல தப்பில்ல. ஆனா அவளுக்குன்னே ஒரு பள்ளிக்கூடம் இருக்கும்போது இங்கன கெடந்து அவளும் கஷ்டப்படணுமா, நாங்களும் படணுமா? யோசிச்சுப் பாருங்க” என்றார்கள். நான் யோசிக்கவே இல்லை, சரி என்று தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து ஸ்டெபியிடம் கையால் சொன்னேன். அவள் அழவில்லை. தப்பாக நிறுத்திவிட்டேனா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்று காட்டினேன். பிறகு ஏன் நான் போக வேண்டும் என்று கேட்டாள். அதற்குக் காட்ட என்னிடம் கை இல்லை அக்கா.

அது நல்ல பள்ளிக்கூடம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அங்கே எல்லோரும் அவள் பாஷை பேசுவார்கள். ஆனால் இந்த வீட்டில் நான் கையைத் தூக்கினால் பார்க்க யார் இருப்பார்கள்? ஷெர்லி என்னோடு பேச்சை நிறுத்தி ஒரு நாளாகிறது. ஆகவே திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் வா. அவளுக்குக் கொடுத்துவிட ஒரு தகரப்பெட்டி இருந்தால் கொண்டுவா. மச்சானுக்கு என் தோத்திரம் சொல்லவும். டெரன்சுக்கு ஒரு முத்தம், அவன் துடைத்துக்கொண்டாலும் சரி. மாதா உங்கள் வீட்டு வலையையும் அடுப்பையும் குறையில்லாமல் வைக்கட்டும். இதை நாளை காலை உங்கள் ஊர் மீன் வண்டியில் கொடுத்துவிடுகிறேன். மீன் வாடை அடித்தால் கோபித்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
உன்னிடம் தோற்ற தம்பி
மனுவேல்

பின்குறிப்பு: ராத்திரி இதை ஒட்டி வைத்துவிட்டுப் படுக்கப் போகலாம் என்று எழுந்தபோது பாலகணேஷ் சாரின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. டி.சி. வாங்கப்போவது உண்மையா என்றார். உங்களுக்கும் நிம்மதிதானே சார் என்றேன்.

“என்ன நிம்மதி அண்ணாச்சி? பத்தொம்பது வருசமா நான் போர்டு கிட்டத்தான் பேசியிருக்கேன். ஒரு பிள்ளையும் புரியலன்னு சொன்னதில்ல. எல்லாருக்கும் புரியுதுன்னு நெனச்சேன். இந்த வருசந்தான் தெரியுது, ஒருத்தனுக்கும் புரியலன்னு. இவ போயிட்டா பெறகு என்னைய யாரு நிப்பாட்டுவா?”

ஞானபாய் டீச்சரிடம் பேசிவிட்டாராம். இவளை அனுப்பினால் தானும் மாறுதல் கேட்பேன் என்று சொன்னாராம். அங்கியைத் துவைக்கப் போட்ட சாமியாரும் இவர் பக்கம்தானாம். டீச்சர் ஒத்துக்கொண்டார்கள். பிரித்துப் பின்குறிப்பு எழுதுகிறேன். மேலே எழுதியதையெல்லாம் நீ படிக்காதது மாதிரி வைத்துக்கொள். திங்கட்கிழமை வராதே, அவளுக்குக் கணக்குப் பரீட்சை இருக்கிறது.

இன்னும் ஒன்று. இவ்வளவையும் அவர் என் முகம் பார்த்துச் சொல்லவில்லை அக்கா. கதவோரம் ஸ்டெபி நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்து, விளக்கு வெளிச்சத்தில் வந்து நின்று, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தேன்.