தாய்மாமன் தைத்த லம்பின் பை

ஏழாங்கட்டைத் தோட்டம்,
ரெம்பாவ்.
புதன்கிழமை, மாசி மாதம், 1982

சி ரூசாவில் ஊசியும் நூலுமாக நேர்மையாகப் பிழைத்துவரும், என் மகளுக்கு ஒரே தாய்மாமனாகிய மச்சான் திருநாவுக்கரசு அவர்களுக்கு, உங்கள் தங்கை பஞ்சாலையின் கணவன் அர்ச்சுனன் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் பஞ்சாலையும் சுகம். குழந்தை வள்ளிநாயகியும் சுகம். வயிறு மட்டும் அவ்வப்போது இளகுகிறது. அங்கு உங்கள் சுகத்தையும் உங்கள் வீட்டம்மா மயிலம்மாள் அக்காவின் சுகத்தையும் தையல் மெஷினின் சுகத்தையும் அறிய ஆவல். உங்கள் கோபம் சுகமாக இருப்பதை லோரி ஓட்டும் முனியாண்டி சொல்லி அறிந்துகொண்டோம்.

மச்சான், நேரே விஷயத்துக்கு வருகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்குக் காது குத்து. கோயிலில் சொல்லியாகிவிட்டது, சிரம்பானிலிருந்து ஆசாரி வருகிறார், விருந்துக்கு வாங்கிய ஆடு நிலைமை புரியாமல் லயத்து வீடுகளுக்குப் பின்னால் புல் மேய்ந்துகொண்டிருக்கிறது. இந்த நேரம் பார்த்து நீங்கள் முனியாண்டியிடம், "நான் தச்ச பைய மதிக்காதவன் வீட்டுக்கு எம் மடி மட்டும் எதுக்குலா? வரமாட்டேன்னு சொல்லிடு" என்று சொல்லிவிட்டீர்களாம். தாய்மாமன் மடி இல்லாமல் எங்கள் வீட்டிலும் உங்கள் வீட்டிலும் எந்தப் பிள்ளைக்காவது காது குத்தியிருக்கிறார்களா? பஞ்சாலை நேற்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. பேச வேண்டியதையெல்லாம் குழந்தையைப் பார்த்துப் பேசுகிறாள். "ஒங்கப்பனாலதான்டி ஒனக்கு மாமன் இல்லாம போச்சு" என்கிறாள். அதுவும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. போதாததற்கு ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் சன்னாசி வந்து, "கவலப்படாத கிராணி, எங்க பாட்டன் வழியில பாத்தா நானும் ஒம் பொண்டாட்டிக்கு அண்ணன் மொறதான், எம் மடி சும்மாதான் கெடக்கு" என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து இரண்டு காப்பி குடித்துவிட்டுப் போனார். எனக்கு உங்கள் மடிதான் வேண்டும் மச்சான். இதை எழுத எனக்கு வெட்கம் இல்லை.

நடந்தது என்னவென்று நீங்கள் என் வாயால் கேட்கவில்லை. அதனால் ஆதியிலிருந்து சொல்கிறேன். நான் தோட்டத்து ஸ்டோரில் கணக்குப் பார்க்கும் கிராணி. எந்தச் சாமான் எதில் போகும் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவனுக்கு ஒரு கைப்பிள்ளையின் சாமான் எதில் போகும் என்று தெரியாமல் போனது என் போதாத காலம். முதல் தடவை ரெம்பாவ் கிளினிக்குக்கு ஊசி போடப் போனபோது எல்லாவற்றையும் ஒரு பழைய கைலியில் மூட்டை கட்டினோம். பால் போத்தல் தேடினால் முழு மூட்டையையும் அவிழ்க்க வேண்டியிருந்தது. அவிழ்த்தால் பிள்ளைக்கு இடுப்பில் கட்டும் லம்பின் துணியெல்லாம் கிளினிக் பெஞ்சில் விரிந்து, ஊசி போட வந்தவர்கள் ஏலம் நடக்கிறதென்று சுற்றி நின்றார்கள். அடுத்த தடவை காய்கறி வாங்கப் போகும் பாசார் பிரம்புக்கூடை. அதன் ஓட்டை வழியாகச் சூப்பான் விழுந்தது, கரண்டி விழுந்தது, பவுடர் டின் மட்டும் விழாமல் தன் பவுடரை விழவிட்டது. நாங்கள் பஸ் ஸ்டாண்டிலிருந்து எந்த வழியாக நடந்தோம் என்பதை யார் வேண்டுமானாலும் தரையைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். அப்புறம் ஸ்டோரிலிருந்து ஒரு உரச்சாக்கைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுபோனேன். தண்ணீர் இறங்காது, கிழியாது, நான் கணக்குப் போட்டது சரிதான். ஆனால் பிள்ளை இரண்டு நாள் யூரியா வாசம் அடித்தது. பஞ்சாலை அந்தச் சாக்கை என் தலையணைக்குள் வைத்துத் தைத்துவிட்டாள்.

அப்போதுதான் நீங்கள் சோல்ஜர் முகாமுக்குத் தைத்ததில் மிஞ்சிய கூடாரத் துணியில், உங்கள் கையாலேயே ஒரு பை தைத்துக் கொண்டுவந்தீர்கள். பச்சைத் துணி, பித்தளைக் கொக்கி, இரட்டைத் தையல். போத்தலுக்கு ஓர் அறை, ஃபிளாஸ்குக்கு ஓர் அறை, காய்ந்த லம்பினுக்கு ஒன்று, ஈர லம்பினுக்கு ரப்பர் ஷீட் வைத்து ஒன்று, மற்றும் எதற்கென்று இன்னும் எனக்குத் தெரியாத பல அறைகள். தை மாதம் உள்ளே போன சூப்பான் ஒன்று இந்த வாரம்தான் கிடைத்தது. அதைக் குறையென்று நினைக்காதீர்கள், உங்கள் தாராள மனத்தைச் சொல்கிறேன். பை காலியாக இருக்கும்போது தானாகவே எழுந்து நிற்கும். நிரப்பினால் என்னால்தான் நிற்க முடியாது. ஆனாலும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு லயத்தில் நடந்தபோது எனக்கு இருந்த பெருமை கல்யாணத்தன்றுகூட இல்லை.

அந்தப் பையோடு உங்கள் வீட்டுக்கு வந்தோமே, பொங்கல் கழிந்த வாரம், அன்று வழியில் நடந்ததைத்தான் உங்களிடம் மறைத்தோம். கைப்பிள்ளையோடு வெளியே போனால் கூடவே இரும்பு போக வேண்டும் என்பது உங்கள் வீட்டு வழக்கம்தானே. பஞ்சாலை தொட்டிலுக்கு அடியில் கிடந்த பழைய ரப்பர் பால்வெட்டுக் கத்தியை எடுத்துப் பையின் அடி அறையில் வைத்துவிட்டாள். போர்டிக்சனுக்குச் சற்று முன்னால் போலீஸ்காரர்கள் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்டார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது, நேர்த்திக்கடனுக்குத் தாடி வளர்த்த ஓர் ஒல்லி ஆளும், அவன் மடியில் சோல்ஜர் துணியில் ஒரு பெரிய பையும். என்னைக் கீழே இறங்கச் சொன்னார்கள். சின்ன வயசு போலீஸ்காரர் ஒருவர் கொக்கியைக் கழற்றி, சற்றும் யோசிக்காமல் ஈர லம்பின் அறைக்குள் கையை விட்டார். கை உள்ளே போன வேகத்தைவிட வெளியே வந்த வேகம் அதிகம். "லம்பின், துவான்" என்றேன். அது அவருக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

அத்தோடு விட்டிருப்பார். ஆனால் கையைத் துடைக்கத் துணி தேடி அடுத்த அறையைத் திறந்தார், கத்தி வந்தது. இது யாருக்கு என்று மலாயில் கேட்டார். பயத்தில் எனக்குத் தெரிந்த மலாயெல்லாம் ஓடிப்போய் ஒரு சொல்தான் மிஞ்சியது. "பேய்க்கு" என்றேன். பஸ் முழுவதும் ஜன்னலுக்கு வந்துவிட்டது. பஞ்சாலை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவந்து, இந்தப் பிள்ளையைத் தொடவரும் பேய்க்கு என்று விளக்கினாள். வயதான போலீஸ்காரர் ஒருவர் மட்டும் சிரிக்காமல் கேட்டுவிட்டு, தங்கள் ஊர்க் கம்போங்கிலும் பிள்ளைப் பக்கத்தில் கத்தரிக்கோல் வைப்பதுண்டு, அடுத்த தடவை இவ்வளவு பெரிய பேயாக நினைக்க வேண்டாம் என்று சொல்லிப் பையைத் திருப்பிக் கொடுத்தார். உங்கள் வீட்டுக்கு வந்ததும் "பை எப்படி?" என்று நீங்கள் கேட்டீர்கள். "யாரும் திரும்பிப் பார்க்காமல் போகவில்லை மச்சான்" என்றேன். அது பொய் இல்லை.

அதற்குப் பிறகு அந்தப் பையை வெளியே எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. கோழைதான், ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் நம் சொந்தத்தில் மங்கம்மா மகன் கல்யாணத்துக்கு வந்தபோது பிள்ளைச் சாமானை ஒரு பழைய தாம்பூலப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். இந்தப் பக்கத்துக் கல்யாணத்துக்கெல்லாம் ஒரே கடைதான் அந்த மஞ்சள் பையைக் கொடுக்கிறது. மாப்பிள்ளை பெண் பெயர் மட்டும்தான் வேறு, அதை யார் படிக்கிறார்கள்? சாப்பிடப் போகும்போது எல்லாரும் பையைத் தூணோரம் வைத்தோம். பிள்ளைக்கு அப்போதுதான் வயிறு இளகி, பஞ்சாலை இரண்டு லம்பின் மாற்றி, அழுக்கானதை அந்தப் பையிலேயே சுருட்டி வைத்திருந்தாள். உங்களுக்குக் கடைசி பஸ். அவசரமாகக் கைக்கு வந்த பையை எடுத்துக்கொண்டு ஓடினீர்கள்.

வீட்டுக்குப் போய் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, விளக்கேற்றி, மயிலம்மாள் அக்காவைக் கூப்பிட்டுப் பிரித்தீர்கள் என்று முனியாண்டி சொன்னபோது என் உயிர் என்னிடம் இல்லை. ஆசையாகத் தைத்துக் கொடுத்த பைக்கு நாங்கள் அனுப்பிய பதில் இதுதான் என்று நினைத்துவிட்டீர்களாம். சத்தியமாக இல்லை மச்சான். இங்கே நாங்களும் பையைப் பிரித்துப் பிள்ளைக்கு மாற்றத் துணி தேடினால் தேங்காயும் வெற்றிலையும் வந்தது. எவ்வளவு நேரம் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தத் தேங்காயைப் பார்த்துக்கொண்டிருந்தோம் தெரியுமா? மறுநாள் உங்கள் தேங்காயைச் சட்னி அரைத்துவிட்டோம். அதற்கும் சேர்த்து மன்னிக்க வேண்டும்.

உங்கள் பைக்கு இந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை. சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டி, தினமும் தூசி தட்டி, யார் கையும் படாமல் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு அது என் தோளில்தான் வரும். எத்தனை போலீஸ் நிறுத்தினாலும் வரும். நீங்கள் மட்டும் வந்தால் போதும். நகை நட்டு, சீர் வரிசை எதுவும் வேண்டாம். மடியை மட்டும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.

அக்காவுக்கு எங்கள் நமஸ்காரம். மெஷின் ஊசி உடையாமலும், கோபம் தையல் விட்டும், நீங்கள் நீண்ட நாள் நல்லபடியாக இருக்க முருகனை வேண்டும்,

உங்கள் தங்கை கணவன்,
அர்ச்சுனன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுவதற்குள் முன்வாசலில் உங்கள் சத்தம் கேட்டது. மச்சான், நீங்கள் இப்போது எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். சன்னாசி மடி தருவதாகச் சொன்ன சேதியும் முனியாண்டி வழியாக வந்ததாம். "அவன் மடியில ஏற்கெனவே வயிறு ஒக்காந்திருக்கு, எம் மருமவ எங்கலா ஒக்காருவா?" என்று சொல்லிக் கடையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டீர்கள். அந்த லம்பின்களைத் துவைத்து, சோல்ஜர் சட்டைக்குப் போடுவதுபோலக் கஞ்சி போட்டு, இஸ்திரி மடிப்போடு கொண்டுவந்திருக்கிறீர்கள். அதைக் கட்டினால் பிள்ளை காலை மடக்க முடியாது.

ஆனால் உட்கார்ந்ததும், "பை எங்க மாப்புள?" என்று கேட்டீர்கள். காப்பி போடுகிறேன் என்று அடுப்படிக்கு வந்து நின்றுகொண்டு இதை எழுதுகிறேன். ஆணி இருக்கிறது, சாமி படம் இருக்கிறது, பை அங்கே இல்லை. பின்னால் விறகடுக்குப் பக்கத்தில் இருக்கிறது. யார் கையும் படாமல் இருப்பது உண்மைதான், தொட்டால் கொத்தும். எங்கள் கறுப்புக் கோழி ஈர லம்பின் அறையில் அடைகாக்கிறது. நான் பார்த்த பைகளிலேயே ஒரு தாய்க்கு முழுத் திருப்தி கொடுத்த பை உங்களுடையது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைக்குள் குஞ்சு பொரிக்காவிட்டால் நான் கோயிலுக்கு எதைத் தோளில் மாட்டுவது என்று தெரியவில்லை.

இதைப் பஞ்சாலை கையில் கொடுத்து முன்வாசலுக்கு அனுப்புகிறேன். முதலில் பிள்ளையை உங்கள் மடியில் உட்காரவைத்துவிட்டு அப்புறம் கொடு என்று சொல்லியிருக்கிறேன். படித்து முடித்ததும் தயவுசெய்து அவளை இறக்கிவிடாதீர்கள் மச்சான், நான் காப்பியோடு வருகிறேன்.