ஒரே என்டரில் பூட்டிய தொழிற்சாலை

கம்ப்யூட்டர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று புலம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். என் கம்ப்யூட்டர் ஒரு நாள் நான் சொன்னதை எழுத்துப் பிசகாமல் கேட்டது. அதனால்தான் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் பிரஸ் ஷாப் நின்றது.

கார் கதவுகள் செய்யும் தொழிற்சாலை அது. நெட்வொர்க் பிரிவில் நான் புதிது. இயந்திரங்களுக்கு இடையே தகவலைக் கொண்டுபோகும் ரவுட்டர் பெட்டிகள் வளாகமெங்கும் இருந்தன. அவற்றின் பாஸ்வேர்டை அவ்வப்போது மாற்ற வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொன்றாக நுழைந்து மாற்றினார்கள். (பாவம், விவரம் போதாது என்று நினைத்துக்கொண்டேன்.) நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். அது தானாகவே எல்லா ரவுட்டரிலும் லாகின் செய்து, புதிய பாஸ்வேர்டை வைத்துவிட்டு வெளியே வந்துவிடும்.

காலை டீ முடிந்ததும் என்டர் தட்டினேன். பெயின்ட் ஷாப், வெல்டிங், பிரஸ் ஷாப், கேன்டீன் என்று திரையில் பெயர்கள் வரிசையாகப் பச்சைக்கு மாறின. நான் அசைத்தது ஒரு விரலைத்தான். அத்தனை பெரிய தொழிற்சாலை 'சரிங்கம்மா' என்றது. எனக்குப் புல்லரித்துவிட்டது. (பக்கத்து சீட்டுக்காரியிடம் கையை நீட்டிக் காட்டவும் செய்தேன்.)

மேலாளர் தாமஸ் சார் வந்தார். "சுகந்தி, மத்தியானம் வெல்டிங்ல புது ரோபோ ஓட ஆரம்பிக்கணும். நெட்வொர்க்ல சேர்க்கணும். புது பாஸ்வேர்ட் சொல்லுங்க."

சொன்னேன். தவறு என்றது ரவுட்டர். நானே தட்டினேன். தவறு. இன்னொரு ரவுட்டர், அதுவும் தவறு. பழைய பாஸ்வேர்டையும் எதுவும் ஏற்கவில்லை.

தாமஸ் சார் கத்தியிருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "எல்லாத்துலயுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஒரே வழிதான் இருந்தது. ரவுட்டர் இருக்கும் இடத்துக்கே போய், கேபிள் மாட்டி, அதை அணைத்து எழுப்பித் திறக்க வேண்டும். புது ரோபோவின் இணைப்பு பிரஸ் ஷாப் ரவுட்டர் வழியாகப் போகிறது. அதை அணைத்தால் பிரஸ் லைன் நிற்கும். அங்கே சூப்பர்வைசர் ஏகாம்பரம் மாமா, என் அக்கா வீட்டுக்காரர்.

அதுவரை பிரஸ் ஷாப் எனக்குத் திரையில் ஒரு பெயர். உள்ளே கால் வைத்ததும் தரை அதிர்ந்தது. இரண்டு மாடி உயர இயந்திரம் மேலிருந்து இறங்கி ஒரு மிதி மிதித்தது. தட்டையாக உள்ளே போன தகடு, கைப்பிடிக் குழியோடு கார் கதவாக மறுபக்கம் வந்தது. மறுபடி ஒரு மிதி, மறுபடி ஒரு கதவு. வந்த காரியத்தை மறந்து வாயைப் பிளந்து நின்றேன்.

"இன்னா சுகந்தி, வழி தவறி வந்துட்டியா?" காதருகே கத்தினார் மாமா.

"லைனைக் கொஞ்சம் நிறுத்தணும் மாமா."

"இன்னாத்துக்கு?"

"பாஸ்வேர்ட் மறந்து... எனக்கு இல்ல மாமா, ரவுட்டருக்கு."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். தாமஸ் சாருக்கு போன் போட்டுக் கேட்டுக்கொண்டு கையை உயர்த்தினார். மிதி நின்றது. அப்படியொரு அமைதியை நான் அதற்குமுன் கேட்டதில்லை. லைனில் இருந்த அத்தனை பேரும் கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார்கள். மாமா ஏணியைப் பிடிக்க, தூணின் உச்சியில் இருந்த ரவுட்டரிடம் ஏறினேன். டிபன் பாக்ஸ் அளவுதான் இருந்தது. (இத்தனை பெரிய ராட்சசன் இதை நம்பியா மிதித்துக்கொண்டிருந்தான்!)

"சீக்கிரம்மா, எல்லாம் பாத்துக்கினு கீறாங்க."

கேபிளை மாட்டி, அதை அணைத்து எழுப்பி உள்ளே நுழைந்தேன். ரவுட்டரில் பதிந்திருந்த பாஸ்வேர்ட் என் லேப்டாப் திரையில் தெரிந்தது. ஆங்கில எழுத்தில், சேர்த்து எழுதிய தமிழ்: 'இங்கேபாஸ்வேர்ட்போடு.'

ஸ்கிரிப்டில் பாஸ்வேர்ட் வர வேண்டிய இடத்தில் எனக்கு நானே எழுதி வைத்த குறிப்பு அது. மாற்ற மறந்திருந்தேன். ஸ்கிரிப்ட் அதையே எல்லா ரவுட்டருக்கும் பாஸ்வேர்டாக வைத்துவிட்டது. (ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்திருந்தால் சீட்டிலேயே தெரிந்திருக்கும். யாருக்குத் தோன்றியது?)

ஏணியிலிருந்தே தாமஸ் சாரை அழைத்தேன்.

"சார், கிடைச்சிடுச்சு! இங்கே பாஸ்வேர்ட் போடு."

"போடத்தானே உக்காந்திருக்கேன். என்னன்னு சொல்லுங்க."

"இங்கே பாஸ்வேர்ட் போடு, சார்."

"எங்கே போடறதுன்னு எனக்குத் தெரியும் சுகந்தி!"

கீழே மாமா குலுங்கிச் சிரித்ததில் மேலே நானும் ஏணியோடு குலுங்கினேன்.

கடைசியில் எழுத்து எழுத்தாகச் சொன்னேன். எல்லா ரவுட்டர்களும் திறந்துகொண்டன. ரோபோ நேரத்துக்கு ஓடியது. மாமா கையை அசைக்க, தரை மறுபடி அதிர்ந்தது. உடனே சீட்டுக்குத் திரும்பாமல் இன்னும் சில கதவுகள் பிறப்பதைப் பார்த்துவிட்டுத்தான் போனேன். இப்போதெல்லாம் எந்த ஸ்கிரிப்டையும் முதலில் கேன்டீன் ரவுட்டரில்தான் ஓட்டிப் பார்க்கிறேன்.

பிள்ளைப்பாக்கத்தில் அக்கா வீட்டுக்கு வருகிறவர்கள் வைஃபை பாஸ்வேர்ட் கேட்டால் மாமா முகத்தைத் திருப்பாமல் சொல்வார்: "இங்கே பாஸ்வேர்ட் போடு." வந்தவர் போனை நீட்டி, "அதாண்ணே, இன்னா போடணும்?" என்பார். அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குள் ஓடுவாள். மனுஷன் உண்மையிலேயே அதைத்தான் வைத்திருக்கிறார். எழுத்து எழுத்தாகச் சொல்லும் வேலை மட்டும் எப்போதும் எனக்கு.