ஒற்றைப் பிளக் பரணி

வாழி, வாழி! மும்பை பரேலில் லட்சுமி நிவாஸ் சால் என்னும் ஒற்றையறைக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருபத்தேழாம் எண் அறையைத் தலைநகராகவும், ஃப்ரிட்ஜுக்கும் சன்னலுக்கும் இடைப்பட்ட மூன்றடி மேசையைத் திருவோலக்க மண்டபமாகவும் கொண்டு அரசாண்ட தாளவேந்தன், பகலெல்லாம் தாதர் மூக்குக்கண்ணாடிக் கடையில் பிறர் கண்ணுக்கு வில்லை தேய்த்துப் பொழுது சாய்ந்தபின் தன் செவிக்குத் தீனி தேடிய செம்மல், அகவை நாற்பத்து மூன்று கடந்தும் பீட் என்னும் தாள இசை போடும் ஆசை நரைக்காத பெருந்தகை, சுஹாஸ் பராட்கர் வாழி! அவன் இருசெவி காத்த ஹெட்போன் வாழி! அதில் இடப்பக்கம் சில சமயம் கேட்காது.

ஆனைமுகத்து அண்ணலே, இது உன் விழாவில், உன் பந்தலில் நடந்தது. ஆகவே காப்பும் உனக்கே. இருபது ஆண்டுகளாக அதே சாலில் பராட்கருக்கு எதிர் வரிசையில் குடியிருந்து அவன் பீட்டுகள் அனைத்தையும் சன்னல் வழியே கேட்டவன் நான். மிகைப்படுத்தாமல் பாட எனக்கு நா கொடு.

வீரன் படைக்கலம் கேளீர். பதினாறு பொத்தான் பதித்த தாளப்பலகை ஒன்று. அவற்றுள் பதினான்கு போர்புரியும், இரண்டு ஓய்வு பெற்றவை. பழம்பொருள் விற்கும் சோர் பஜாரில் விலைபேசிப் பெற்ற ஸ்பீக்கர் இரண்டு. எதிரொலி என்னும் பகைவனை விழுங்குவதற்காகச் சுவரெங்கும் ஒட்டிய முட்டை அட்டை நாற்பது. இவற்றுக்கெல்லாம் தலைமை தாங்கிய முதுபெரும் லேப்டாப்போ, பேட்டரி மாண்டு ஈராண்டு ஆகியும், சுவரின் பிளக்கில் சொருகியிருக்கும்வரை உயிர் தாங்கும் தவமுடையது. அதனுள் உறைந்த சாஃப்ட்வேர் இலவசப் பதிப்பு. போட்ட பீட்டை அது பாட்டாக வெளியே எடுத்துத் தரும். ஆனால் ஒருமுறை மூடிவிட்டால் மறுபடி திறந்து திருத்த விடாது. ஆகையால் திருத்தி முடியும்வரை அணைக்கக் கூடாது. காசு கொடுத்து வாங்காதவர்கள் எல்லோரும் இப்படித்தான் வேலை செய்கிறார்கள்.

போர் மூண்ட காரணம் உரைப்பேன். வீரனின் ஒரே மகள், பதினான்கு வயது ருதுஜா, தோழியர் நால்வரோடு சால் கணபதி விழாவில் ஆட முதன்முறையாக மேடை கேட்டுப் பெற்றாள். சினிமாப் பாட்டுக்கு எல்லோரும் ஆடுகிறார்கள்; எங்களுக்கு பாபா போடுவார் என்று விழாக் குழுவின் முன் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிவிட்டும் வந்தாள். அந்தச் சொல் தந்தையின் செவியில் விழுந்த இரவு அவன் சோறு உண்ணவில்லை என்பர் சிலர். நானறிந்தவரை இரண்டு தட்டு உண்டான். மறுநாள் மாலைக்குள் பீட் பிறந்துவிட்டது. நன்றாகவும் இருந்தது.

அங்கேயே கதை முடிந்திருக்கலாம். ஆனால் பீட்டின் அடிவயிறாகிய கிக், அதாவது கேட்பவர் நெஞ்சில் வந்து இடிக்க வேண்டிய அந்தப் பெருந்தாள அடி, வீரனுக்குப் போதவில்லை. "இடிக்கல," என்றான். அதுவே போர்முரசு. திரையில் ஒரு சன்னலைத் திறந்தான். அதனுள் வளைந்து கிடந்த கோட்டை இடப்பக்கம் தூக்கினால் அடியோசை கனக்கும், தாழ்த்தினால் மெலியும். சிலந்தி வலை பின்னும் பொறுமையோடு அக்கோட்டை மயிரிழை தூக்கியும் அரைமயிரிழை தாழ்த்தியும், கண்மூடிக் கேட்டும், தலையசைத்தும், பெருமூச்செறிந்தும், மீண்டும் தூக்கியும் எட்டு நாள் பொருதான். கிக் சரியாகும்வரை பாட்டை வெளியே எடுக்க மறுத்துவிட்டான். ஆகவே சிறுமியர் ஐவரும், முதல் நாள் ஸ்பீக்கர் அருகே போனை நீட்டிப் பிடித்த பதிவை வைத்துக்கொண்டு மொட்டைமாடியில் பழகினார்கள்.

எட்டு நாள் லேப்டாப் உறங்கவில்லை. அறையில் பிளக் இரண்டு. ஒன்று ஃப்ரிட்ஜின் முதுகுக்குப் பின்னே மறைந்தது, மற்றொன்று லேப்டாப்புக்கு அடிமைப்பட்டது. எக்ஸ்டென்ஷன் பெட்டி போட்டு மிக்ஸியையும் லேப்டாப்பையும் சேர்த்துச் சொருகிய அன்று ஃபியூஸ் போயிற்று. அன்றுமுதல் வீரனின் வாழ்க்கைத்துணையும் அடுக்களையின் ஏகச் சக்கரவர்த்தினியுமாகிய கேதகி, மிக்ஸியைக் குழந்தைபோல் இடுப்பில் சுமந்து பக்கத்து அறை சாவந்த் வீட்டில் அரைத்து வந்தாள். எட்டாம் நாள் சாவந்த் குடும்பம் கணபதிக்காகக் கொங்கணம் போய்விட்டது. கதவில் பூட்டு தொங்கியது.

ஒன்பதாம் நாள். மாலை ஆறு மணிக்கு ஆட்டம். ஏழரைக்கு வீரனின் தமக்கை குடும்பத்தோடு விருந்துக்கு வருகிறாள். மணி நான்கு. செக்கச் சிவக்க வறுத்த தேங்காய் நிறைந்த ஜாரை வலக்கையிலும் மிக்ஸியை இடக்கையிலும் ஏந்தி, புருவம் வில்லாக, முந்தானை இடுப்பில் இறுக, கேதகி களம் புகுந்தாள். வீரன் முதுகைக் காட்டி அமர்ந்திருந்தான். புறமுதுகிட்டதாகக் கொள்ளற்க, மேசை அந்தப் பக்கம் இருந்தது.

"ஏங்க, அந்தப் பிளக்க விடுறீங்களா இல்லையா? உங்கக்கா ஏழரைக்கு வந்து உக்காந்துடுவாங்க. ஆம்டிக் குழம்புக்கு என்ன, தேங்காய முழுசாவா போடுறது?"

வீரன் முழங்கினான்: "அஞ்சே நிமிஷம் கேதகி. கிக் வந்துக்கிட்டே இருக்கு."

"ஒம்பது நாளா வந்துக்கிட்டே இருக்கு. கொங்கண் பாசஞ்சர்கூட இதுக்குள்ள வந்து சேந்திருக்கும்."

சொல்லிக்கொண்டே அவள் கை பிளக்கை நோக்கிப் பாய்ந்தது. கண்ட வீரன் நாற்காலியோடு சரிந்து, மலைப்பாம்பு மதயானையைச் சுற்றினாற்போல் வயரைச் சுற்றிக்கொண்டு, மார்பையே கேடயமாக்கிச் சுவரோடு ஒட்டி நின்றான். "புடுங்கின, ஒம்பது நாள் வேலை போச்சு!" என்றான். குரலில் அரசாணை குறைவு, கெஞ்சல் அதிகம். அவள் கை அந்தரத்தில் நின்றது. ஒன்பது நாளும் கணவன் சரியாகத் தூங்காததை அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கு இரக்கமும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

அவ்வேளை பச்சைப் புடவையும் பாதி மாட்டிய மூக்குத்தியுமாக ருதுஜா தூதுவந்தாள்.

"பாபா, மேடைக்குப் பாட்டுப் போடுற சந்து அண்ணன் அஞ்சு மணிக்குள்ள பென் டிரைவ் கேக்கறாரு. இல்லன்னா சினிமாப் பாட்டு போட்டுடுவாராம். பாபா, ப்ளீஸ். நான் எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்."

"முதல்ல இதக் கேளு. இப்ப நெஞ்சுல வந்து இடிக்குதா?"

ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். "மொத நாளு மாதிரியேதான் இருக்கு."

"உன் காது இன்னும் பழகல."

"அது சரி, இருமல் எங்க?"

"எந்த இருமல்?"

"மூணாவது சுத்து முடியறப்ப நீ இருமினியே, அது எங்க போன் பதிவுல விழுந்திருக்கு. அதுலதான் அஞ்சு பேரும் ஒண்ணாக் குதிச்சு வட்டமா மாறுவோம். அதையும் சேத்துடேன்."

ஒன்பது நாள் புழுதியும் குருதியுமாகப் பொருத வேந்தனிடம், முடிசூட்டும் வேளையில், கிரீடத்தில் ஒரு வெங்காயத்தையும் செருகச் சொன்னால் எப்படியிருக்கும்? அப்படியிருந்தது அவனுக்கு. மும்மாடியும் கேட்க முழங்கினான்: "என் பீட்ல ஒரு தும்மல்கூட இருக்காது!"

"சரி, எண்ணிக்கிட்டே குதிக்கிறோம். நீ குடுத்தாப் போதும்," என்றாள் மகள். அவள் கண் கலங்கியிருந்தது.

அதைக் கண்டபின் வீரன் கோட்டைக் கடைசியாக ஓர் அரைமயிரிழை தூக்கி, "இப்ப இடிக்குது," என்று தனக்கே சான்று வழங்கி, பாட்டை வெளியே எடுக்கும் பொத்தானை அழுத்தினான். திரையில் ஒரு பட்டை ஊர்ந்தது. நூற்றில் பத்து. நூற்றில் முப்பது. வெளியே நாசிக் டோல் மேளம் முழங்கியது, உள்ளே விசிறி சுழன்றது, கேதகியின் கை பிளக்கருகே பருந்துபோல் வட்டமிட்டது. தொண்ணூற்றெட்டில் பட்டை நின்று யோசித்தது. பிறகு முடிந்தது. மணி நான்கு ஐம்பத்திரண்டு.

பென் டிரைவோடு மகள் பறந்தாள். பிளக் விடுதலை பெறுமென்று கேதகி ஜாரைத் தூக்கினாள். "கேட்டுட்டு வந்து ஏதாவது திருத்தணும்னா? விழா முடியறவரைக்கும் இருக்கட்டுமே," என்றான் அவன். அவள் தலையில் அடித்துக்கொண்டு ஜாரை மூடிவைத்தாள்.

மாலை ஆறு. மூன்று மாடி வராந்தாக்களிலும் தலைகள் கோத்துத் தொங்க, முற்றத்து மேடையில் பச்சைப் புடவை ஐந்தும் வரிசை கட்டின. சந்து பாட்டைப் போட்டான். ஆளுயர ஸ்பீக்கர்கள் அதிர, முதல் சுற்றில் கூட்டம் நிமிர்ந்தது; இரண்டாம் சுற்றில் கைதட்டத் தொடங்கியது. வீரன் நெஞ்சில் கைவைத்து இடியை அளந்துகொண்டிருந்தான். மூன்றாம் சுற்று முடிந்தது. குதிக்கவேண்டிய இடம் வந்தது.

யாரும் குதிக்கவில்லை. ஒருத்தி எண்ணிக்கையில் ஒன்று பிந்தினாள், இருவர் ஒருவரையொருவர் பார்த்தார்கள், நான்காமவள் இடப்பக்கம் திரும்பி அடுத்தவளை மோதினாள். ருதுஜாவின் கண் கூட்டத்தில் அலைந்து தந்தை முகத்தில் வந்து நின்றது. ஒன்பது நாள் ஒன்றையும் கேட்காத அந்தச் செவியில் அப்போது எல்லாம் கேட்டது. அவன் எழுந்தான். விழாக் குழுத் தலைவரைத் தாண்டி, சுண்டல் தட்டைத் தாண்டி, அறிவிப்பாளர் மேசைக்குப் பாய்ந்து, மைக்கை இருகையாலும் பற்றி, நாலாம் சுற்று முடியும் அந்த அடியில் சரியாக, தன் வாழ்நாளில் தேய்த்த கண்ணாடித் தூள் அத்தனையும் திரண்டெழுந்தாற்போல் இருமினான்.

ஐவரும் ஒன்றாகக் குதித்தார்கள். வட்டம் மலர்ந்தது. சால் முழுவதும் விசிலடித்தது. மூன்றாம் மாடி மூலையில் நின்ற நானும் அடித்தேன். எனக்கு அழுகை வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"அண்ணே, பீட் சுமார், இருமல் சூப்பர்," என்றான் சந்து. "பாபா, இருமின பாரு!" என்று மகள் வந்து கட்டிக்கொண்டாள். வெற்றிவாகை சூடிய வேந்தன் படியேறி அறை புகுந்து, தன்னை இத்தனை தூரம் கொண்டுவந்த படைக்கலத்தை ஒருமுறை கண்ணாரக் காண விழைந்து திரைமுன் அமர்ந்தான். ஒன்பது நாள் தூக்கியும் தாழ்த்தியும் செதுக்கிய வளைகோடு இமயத்துச் சிகரமென அங்கே எழுந்து நின்றது. அதன் மூலையில் கடுகளவு ஒரு விளக்கு இருந்தது. அது எரிந்தால் கோடு வேலை செய்கிறது என்று பொருள்.

எரியவில்லை. முதல் நாளிலிருந்தே எரியவில்லை. ஓ, மயிரிழை தேர்ந்த மாண்பே, அரைமயிரிழை அறிந்த அருஞ்செவியே, ஏற்றத்திலும் இறக்கத்திலும் இடியும் மெலிவும் வெவ்வேறாய்க் கேட்டு, தலையசைத்துத் தெளிந்த ஒன்பது நாள் தவமே! அவன் அந்த விளக்கைத் திரையில் ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்தான். பின்னால் ஜாரோடு கேதகி நின்றாள்.

"என்னங்க, இன்னும் ஏதாவது திருத்தணுமா?"

"இல்ல," என்று சொல்லி அவனே பிளக்கைப் பிடுங்கினான்.

கேதகி மிக்ஸியைச் சொருகித் தேங்காயை அரைத்தாள்.