அடுக்கு அக்காவும் என் நாற்பது முகங்களும்

செஞ்சிக்கு வருகிறவர்கள் மலைக்கோட்டையைப் பார்த்துவிட்டு, ஊரையே பார்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், இந்த ஊரில் அவசியம் பார்க்க வேண்டியது பஸ் போகும் ரோட்டில் இருக்கும் அடுக்கு அக்காவின் செராக்ஸ் கடை. கோட்டைக்கு அரை நாள் போதும். அக்காவிடம் ஆதார் கார்டை நகல் எடுக்கப் போனால் சில சமயம் அது போதாது.

அக்காவின் சொந்தப் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. கணக்குப் பாடத்தில் 'இரண்டின் அடுக்கு மூன்று' என்று வருமே, அந்த அடுக்குதான் பெயராக ஒட்டிக்கொண்டது.

ஒரு தடவை தொண்டூரிலிருந்து ஒரு விவசாயி நான்கு பக்கப் பத்திரத்தைக் கொண்டுவந்து மூன்று காப்பி கேட்டார். அக்கா எடுத்தார், கொடுக்கவில்லை. பன்னிரண்டு தாளையும் கடை வாசலில் பரப்பினார்.

"இங்கேருந்து பாரு. மூணு வரிசை, வரிசைக்கு நாலு. இப்ப அந்தாண்ட போயி பாரு. நாலு வரிசை, வரிசைக்கு மூணு. ரெண்டும் பன்னண்டுதான். இன்னா புரிஞ்சுது?"

"ஆபீசர் சாப்டப் போயிட்டாருன்னு புரிஞ்சுதும்மா" என்றார் விவசாயி.

ஏன் இந்த வேலை என்று நானே ஒருநாள் கேட்டிருக்கிறேன்.

"பத்தாவதுல கணக்குல ரெண்டு தபா பெயிலு தம்பி. ரெண்டின் அடுக்கு மூணு, ஆறுன்னு எழுதினேன். எட்டுன்னு அடிச்சு வச்சாங்க. ஏன் ஆறு இல்லன்னு ஒருத்தரும் சொல்லல. கடை போட்டப்புறம் இந்த மிஷினுதான் சொல்லுச்சு. ரெண்டு படம் இருக்குற பேப்பரை ரெண்டு காப்பி எடுத்தா நாலு. அந்த நாலையும் ஒரே பேப்பர்ல ஒட்டி ரெண்டு காப்பி எடுத்தா எட்டு. அவ்ளோதான். இதச் சொல்றதுக்கு ஆளில்லாம என் படிப்பு போச்சு."

இனி என் கதை. ஒரு விண்ணப்பத்துக்காக என் போட்டோவைக் கொடுத்து, "ரெண்டு மூணு காப்பி போடுங்கக்கா" என்றேன். செஞ்சியில் யாரிடம் வேண்டுமானாலும் இப்படிச் சொல்லலாம். அக்காவிடம் சொல்லக் கூடாது.

"ரெண்டும் மூணும்னா அஞ்சு. ரெண்டு தடவ மூணுன்னா ஆறு. ரெண்டை மூணு தடவ எழுதிப் பெருக்கினா எட்டு. உனக்கு எது?"

டீ குடித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று நழுவினேன். டீக்கடையில் ஒரு நண்பர் பைக்கில் ஏற்றிக்கொண்டார். போட்டோவை மறந்தே போனேன்.

அக்கா மறக்கவில்லை. அன்று மாலை, கடையை ஒட்டிய சுவரின் உச்சியில் என் முகத்தைப் பெரிதாக்கி ஒன்று ஒட்டினார். கீழே ஒரே வரிசையாக மூன்று. அதற்குக் கீழே அதே வரிசையை மூன்று தடவை அடுக்கி ஒன்பது. அடியில் அந்த ஒன்பதை மூன்று தடவை ஒட்டி இருபத்தேழு. 'எண்ணிக்கை, கூட்டல், பெருக்கல், அடுக்கு' என்று பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவில் எழுதியும் வைத்தார். பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்த எழுத்து தெரியாது. சுவர் நிறையக் கறுப்பு வெள்ளையில் ஒரே முகம் இருந்தால் நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டே கதவைத் திறந்தேன். வாசலில் அனந்தபுரத்து மாமனார். பின்னால் வேனில் பத்துப் பன்னிரண்டு உறவுக்காரர்கள். கையில் ரோஜா மாலை. பஸ்ஸில் போன யாரோ சுவரைப் பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னார்களாம். இதை மகளிடம் போனில் எப்படிக் கேட்பது என்று தயங்கி, கேட்காமலேயே கிளம்பி வந்துவிட்டாராம்.

"மாப்ள..." என்றார். மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் என் கழுத்திலேயே போட்டுவிட்டு அழுதார். உள்ளே இருந்து வந்த என் மனைவி, "இன்னா நைனா, காலங்காத்தால மாலையெல்லாம்?" என்று கேட்டாள். விஷயம் தெரிந்ததும் அவளுக்கு வந்த கோபத்தில் பாதி என்மேல்தான்.

மாமனாரோடு நேராகக் கடைக்குப் போனேன். வழியெல்லாம் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே போனேன். அங்கே எனக்கு முன்பே கட்டடத்தின் சொந்தக்காரர் வந்து கத்திக்கொண்டிருந்தார்.

"சுவரு முழுக்க எழவு போஸ்டராட்டம் ஒட்டி வச்சிருக்க! சாயந்தரத்துக்குள்ள சுவரு சுத்தமாவணும். இல்லன்னா கடையக் காலி பண்ணு!"

அவர் போனதும் அக்கா ஒரு வாளித் தண்ணீரும் சுரண்டும் தகடும் எடுத்து வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் சுவருக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். விரலால் வரிசை வரிசையாகத் தொட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, மூணை மூணு தபா எழுதிப் பெருக்கினா ஒம்பதுதான?"

"மூணு மூணா மூணு வரிசை வச்சாத்தான் பெரிப்பா ஒம்பது. அந்த ஒம்பதையே மூணு தபா வச்சிருக்கேன் பாரு. இருபத்தேழு."

மாமனார் மறுபடி மேலிருந்து கீழே பார்த்தார். "அட ஆமாம்மா! ஒன்னு இன்னொன்னு மேல ஏறி ஒக்காந்துக்குது!" என்றார். அறுபத்தெட்டு வயது மனிதர், சற்றுமுன் எனக்காக அழுத கண்ணோடு சிரித்துக்கொண்டு நின்றார். அக்கா தகட்டைக் கீழே வைத்துவிட்டு முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டார். சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் எனக்கு மறந்துபோனது.

கீழே கிடந்த தகட்டை நான்தான் எடுத்தேன். மத்தியானம் வரைக்கும் மூன்று பேரும் சேர்ந்து சுரண்டினோம். சொந்த மூக்கைத் தகட்டால் சுரண்டுவது அவ்வளவு சுலபமில்லை. உச்சியில் இருந்த ஒன்றுக்காக நான் ஸ்டூலில் ஏறியபோது அக்கா தடுத்தார்.

"அத உட்டுடு தம்பி. ஓனரு கண்ணுக்கு அவ்ளோ ஒசரம் எட்டாது. ஒன்னு இருந்தா போதும், மீதிய எப்ப வேணா கட்டிக்கலாம்."

அது இன்னும் அங்கேதான் இருக்கிறது, மழையில் ஒரு கண் போய்விட்ட நிலையில். தினமும் அந்தப் பக்கம்தான் வேலைக்குப் போகிறேன். ஆனால் என் கண் சுவருக்குப் போவதில்லை. கடை திறந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறது.