பலகைக்கு வாகன பூசை

கனடாவில் எங்கள் ஆட்கள் புதிதாக எந்த வாகனம் வாங்கினாலும் நன்றாகக் கழுவி, றிச்மண்ட் ஹில் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்து, சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசிக்காமல் ஓட்ட மாட்டார்கள். நான் அதிலும் ஒரு படி மேல். (புல்லு வெட்டுகிற மெஷினுக்கும் சந்தனம் வைத்தவன்.)

மகள் மதுராவுக்குப் பேசிய மாப்பிள்ளை கவின் எங்களைப் பார்க்க வந்தார். சிட்னிக் கடற்கரை மணலில் வளர்ந்த பிள்ளை. பெட்டியோடு புதிய அலைச்சறுக்குப் பலகை ஒன்றும் வந்து இறங்கியது. காற்று அடித்தால் ஒன்ராறியோ ஏரியிலும் அலை எழும்புமாம், அதில் ஏறிப் பார்க்க வேண்டுமாம். திரும்பிப் போக முன் கலியாணத்துக்கு முடிவு சொல்வதாகப் பேச்சு.

"அப்பா, பிளீஸ், அவர் நிக்குமட்டும் ஒண்டும் செய்யாதேங்கோ," என்றாள் மதுரா, கும்பிடாத குறையாக.

ஆனால் பலகையும் வாகனம்தானே? மேற்பக்கமெல்லாம் வெள்ளையாய், கட்டி கட்டியாய் ஏதோ அப்பியிருந்தது. ஊத்தையோடு சுவாமிக்கு முன்னால் கொண்டுபோவதா? பிள்ளைகள் வெளியே போன நேரம் பார்த்து, சுடுதண்ணீர் ஊற்றிப் பின்னேரம் முழுக்கச் சுரண்டினேன். பளபளப்புக்குத் தேங்காயெண்ணெயும் பூசி, கார்க் கூரையில் கட்டிக் கோயிலுக்குக் கொண்டுபோனேன்.

ஐயர் பலகையைச் சுற்றி வந்தார். "அண்ணை, சில்லு எங்க?"

"சில்லு இல்லை ஐயா."

"அப்ப தேசிக்காயை எதுக்குக் கீழ வைக்கிறது?"

யோசித்து, வாலில் மீனுக்குப் போல இருந்த செட்டைக்குக் கீழே வைத்தோம். (நசியவில்லை. அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.)

அடுத்த நாள் ஸ்காபரோ ஏரிக்கரையில் நல்ல காற்று. கவின் ஓடிப்போய்ப் பலகையில் பாய்ந்து படுத்தார். பலகை அந்தப் பக்கம், அவர் இந்தப் பக்கம். திரும்ப ஏறினார், வழுக்கினார். எழும்பி நிற்கப் பார்த்தார், இரண்டு காலும் வானத்தைக் காட்டின. ஒருதரம் பலகை தனியே அலையில் அழகாக வந்தது. காலில் கயிறு கட்டிய கவின் பின்னால் இழுபட்டு வந்தார். நான் கை தட்டினேன். (அதுவும் ஒரு வித்தை என்று நினைத்தேன்.)

உதடு நீலம் பாரிக்கக் கரைக்கு வந்தார். "அங்கிள், இதில இருந்த வக்ஸ் எங்க? கால் வழுக்காமப் பூசின மெழுகு?"

"அந்த ஊத்தையோ தம்பி? நான்தான் முழுக்கச் சுரண்டி எடுத்தனான். எண்ணெயும் போட்டிருக்கிறன்," என்றேன், பெருமையாக.

மதுரா முகத்தைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ அப்பா!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சம்பந்தமே வழுக்கிப் போகப் போகிறது. "தம்பி, பிழை என்ரை. உதுக்காகப் பிள்ளையை வேண்டாமெண்டு சொல்லிப்போடாதேங்கோ."

கவின் தன் கையை முகர்ந்து பார்த்தார். சிரிக்கத் தொடங்கியவர் அப்படியே மணலில் இருந்துவிட்டார்.

"சீரியஸ்லி, அங்கிள்? ஒரு பலகையையே இப்பிடிப் பார்க்கிற வீட்டை விட்டிட்டு நான் எங்க போறது?"

முருகன் அருளால் கலியாணம் நல்லபடி நடந்தது. துடைக்கிற துணியோடு என்னைக் கண்டால் இன்றும் வீட்டில் எல்லோரும் தங்கள் சாமான்களை ஒளிப்பார்கள்.

போன கிழமை பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிக் கையில் தந்தார்கள். காதோரம் வெள்ளையாய், மெழுகு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. திருநீறு பூச முன் துடைத்துவிடுவோம் என்று கைக்குட்டையை எடுத்தேன்.

"மாமா! கையை எடுங்கோ!" கட்டிலடியிலிருந்து கவின் கத்தினார். "அது கொம்பனியே பூசி அனுப்பினது!"